பேச்சில்லாத பெஞ்சு

தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்க மறுத்தது. மறுத்தது மூடியல்ல, விரல்கள்தான் என்று குழந்தைவேலுவுக்குத் தெரியும். இருந்தாலும் மூடியைத்தான் திட்டிக்கொண்டான். நாற்பத்தோரு வயதில் ஒருவன் தன் விரல்களைத் திட்ட ஆரம்பித்தால் அது தோள், முதுகு, முழங்கால் என்று போய்க்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஆறாவது இன்னிங்ஸிலேயே மரத்துவிட்டன. பாட்டிலைத் தொடையிடுக்கில் வைத்து இடது கையால் திருகினால் திறந்துவிடும், ஆனால் அதைப் பெஞ்சில் இருக்கிற அத்தனை பேரும் பார்ப்பார்கள், பார்த்தால் புரிந்துகொள்வார்கள். யாரையாவது கேட்கலாம் என்றால் பக்கத்தில் ஒருவரும் இல்லை. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மைதானம், வகுப்பறையிலிருந்து தூக்கிவந்து போட்ட நீளப் பெஞ்சு, அதன் ஒரு கோடியில் இவன், மறுகோடியில் ஈரோட்டு அணி மொத்தமும் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறையாக நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு வெற்றிடம். மாநில பேஸ்பால் போட்டியின் இறுதியாட்டம். ஒன்றுக்குச் சைபர் என்று ஈரோடு முன்னால் இருக்கிறது. இது ஒன்பதாவது இன்னிங்ஸ், கடைசி. இப்போது ஈரோடு மட்டை பிடிக்கிறது. மூன்று பேர் அவுட்டானதும் கடலூர்க்காரர்கள் மட்டை பிடிக்க வருவார்கள், அவர்களுக்குப் பந்தெறிய குழந்தைவேலு எழுந்து போயாக வேண்டும். பத்தொன்பது வருஷமாக இந்த அணியின் பிட்சர் அவன்தான், பந்தெறிவதுதான் அவன் வேலை. அந்த மூன்று பேர் அவுட்டாவதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், என்னால் ஆகாது, வேறு ஆளை அனுப்புங்கள் என்று. அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்வதற்கு ஒரு முகமாவது இந்தப் பக்கம் திரும்ப வேண்டும். நாலு இன்னிங்ஸாக ஒரு முகமும் திரும்பவில்லை.

அவர்களுக்கு இவன் மேல் கோபம்தான், வேறென்ன. போன மாதம் மஞ்சள் மண்டி முனையில் டீ குடித்தபோது இவன்தானே வாய்விட்டுச் சொன்னான், ஃபைனலை சதாசிவம் போடட்டும், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று. யாரும் கேட்காமலே சொன்னான். சதாசிவத்துக்கு இருபத்தாறு வயது, இடது கைக்காரன், மூன்று வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து பெஞ்சுக்கே அவன் பெயரை வைக்கலாம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இவன் கையைப் பிடித்துக்கொண்டான், கண்கூடக் கலங்கியதாக ஞாபகம். இன்று காலை வேனில் தங்கமுத்து சார், அணியின் கோச், வழக்கம்போல யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கேட்டார், யாருப்பா போடறீங்க என்று, குழந்தைவேலுவின் வாய் தானாகத் திறந்து நானே போட்டர்றேனுங்க சார் என்றது. ஏன் அப்படிச் சொன்னான். இதைத்தான் எட்டு இன்னிங்ஸாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். சதாசிவம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். இருந்தும் முதல் மூன்று இன்னிங்ஸ்வரை எல்லாரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், நாலாவதில் குறைந்தது, ஐந்தில் நின்றே போயிற்று. ஆறாவது முடிந்து இவன் பெஞ்சுக்கு வந்தபோது நசீரும் கோச்சும் பின்னால் நின்று குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள், இவனைக் கண்டதும் டக்கென்று நிறுத்தினார்கள். மற்றவன் பேசாவிட்டால் போகட்டும். நசீர், பதினாலு வருஷமாக இவன் எறிகிற பந்தைப் பிடிக்கிற கேட்சர், குந்த வைத்து உட்கார்ந்து இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஆள், அவனுமா. மட்டைச் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். பந்து நேராக மேலே போய் நேராகக் கீழே வந்து கடலூர்க்காரன் கையில் விழுந்தது. ஒன்று.

இன்னும் இரண்டு பேர். தாகத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பெரிய பெரிய பிட்சர்களின் கதையெல்லாம் இவர்களுக்குச் சொன்னதே இவன்தான், அந்த நன்றிகூட இல்லை. எடைமேடையில் வேலை, ஒரு மஞ்சள் லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் கைபேசியில் படித்துப் படித்துச் சேர்த்தது. தேசியப் போட்டிக்காக ஜலந்தர் போன ரயிலில் இரண்டு பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனான். சை யங் என்கிற கிழவன் ஐந்நூற்றுப் பதினொரு ஆட்டம் ஜெயித்தவன், அதைத் தொட ஆளில்லை. அதே கிழவன்தான் அதிக ஆட்டம் தோற்றவனும், முந்நூறுக்கு மேலே. அதைக் கேட்டு, இரண்டாம் தளத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பூபதி, அப்ப எங்கண்ணன் பாதிக் கிணறு தாண்டிட்டாரு, தோக்கறதுல பிடிச்சர்றாரு என்றான், பெட்டி முழுக்கச் சிரித்தது. சாட்செல் பெய்ஜ் ஐம்பத்தொன்பது வயதில் மூன்று இன்னிங்ஸ் போட்டான், போடாத நேரத்தில் ஆடுகிற நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள் என்றதும் நசீர், உங்களுக்கு நம்ம கடைல தொட்டில் தச்சர்லாங்ண்ணா, பேரும் பொருத்தம் என்றான். எவ்வளவு பேச்சு. இன்னொன்றும் சொன்னான், ஒரு பிட்சர் ஆட்டத்தில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே யாரும் அவனிடம் பேசமாட்டார்கள், பக்கத்தில்கூட உட்காரமாட்டார்கள், ஹிட் கொடுக்கவில்லை என்ற வார்த்தையை ஆட்டம் முடியும்வரை யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் கெட்டுவிடும் என்று நம்பிக்கை. அது பெரிய ஆட்களுக்கு. அடித்த பந்தின் தயவில் ஒருவன் பத்திரமாக முதல் தளம் போய்ச் சேர்ந்தால் ஹிட், இவன் இன்று முதல் இன்னிங்ஸில் முதல் ஆளுக்கே அதைக் கொடுத்துத்தானே கடையைத் திறந்தான். பந்து தரையோடு வந்து பூபதியின் கையுறையை உரசிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு ஒருவனும் அடிக்கவில்லை என்பது நிஜம். ஆனால் ஒன்று கொடுத்தாலும் கொடுத்ததுதான். பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை, இனிமேல் எங்கே.

முழங்கையின் உட்பக்கம் தன்பாட்டுக்குத் துடித்தது. பெருந்துறை ரோட்டு டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே நார் கிழிந்திருக்கிறது, செருப்பு வார் அறுகிற நிலைமை என்றார். டாமி ஜான் என்கிற பிட்சருக்கு இதே நார் அறுந்து, இன்னொரு கையிலிருந்து நாரை எடுத்துக் கட்டி, அதற்கப்புறம் பதினாலு சீசன் எறிந்தாருங்க, அந்த ஆபரேஷனுக்கே அவர் பேருங்க என்று இவன் விளக்கினான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு தெரியுதே, நீங்களே பண்ணிக்கலாமே என்றார். அந்த ஸ்கேன் படம் எடைமேடை அறையில் பழைய ரசீதுக் கட்டுக்கு அடியில் இருக்கிறது. மனைவி மயிலாத்தாவிடம்கூடச் சொல்லவில்லை. பத்து நாளாகக் கரண்டியால் சாப்பிடுகிறவனைப் பார்த்து அவள், என்ன புதுசா வெள்ளக்காரன் பழக்கம் என்றாள். மஞ்சள் கறை போகமாட்டேங்குது, அதான் என்றான். இருபது வருஷமாக அந்தக் கறையோடுதான் சோறு பிசைந்து சாப்பிட்டிருக்கிறான். அவளும் மேலே கேட்கவில்லை. யாரும் மேலே கேட்கமாட்டேன் என்கிறார்கள், அதுதான் பிரச்சினை, ஒரே ஒரு ஆள் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். நசீர் தையல்காரன், கட்டிங் மாஸ்டர், அணிக்குச் சட்டை தைப்பது அவன்தான். போன வாரம் அளவெடுத்தபோது வலது கையை நீட்டச் சொன்னான், கை முழுசாக நீளவில்லை, டேப்பைப் பிடித்தபடி ஒரு நிமிஷம் நின்றான், பிறகு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டான். சாண்டி கோஃபாக்ஸ் என்கிற பிட்சருக்கும் எறிகிற கை வளைந்துபோய், கோட்டின் ஒரு கையை மட்டும் தையல்காரனிடம் கொடுத்துக் குறைத்தார்களாம். முப்பது வயது, அந்த வருஷம் இருபத்தேழு ஆட்டம் ஜெயித்தவன், போதும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான். எப்படிப் போனான். இந்த இடம் வந்தால் குழந்தைவேலுவுக்கு ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வரும். உச்சியில் நிற்கிறபோது எவனாவது இறங்குவானா. இன்று அந்தக் கோபத்தைத் தேடிப் பார்த்தான், காணோம். களைப்பாக இருந்தது, பந்தைவிட, வெயிலைவிட, ஒன்றை மறைத்து வைத்துக்கொண்டே இருப்பது உடம்பை அடித்துப்போட்டுவிடுகிறது.

அதுகூடப் போகட்டும், கை தன்னுடையது, போனால் தன்னோடு போகும். தாடிக்காரனின் தலை தன்னுடையது இல்லையே. இதுவரைக்கும் அந்த நினைப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பக்கத்தில் போகாமல் தப்பித்துக்கொண்டிருந்தான், இப்போது அது நேராக வந்து உட்கார்ந்துகொண்டது. ஏழாவது இன்னிங்ஸின் முதல் ஆள், கடலூர் அணியின் தாடி வைத்த பையன், காலர் வழியாகப் புது மஞ்சள் கயிறு தெரிந்தது, கோயில் கயிறாக இருக்கும். இவன் எறிந்தது வெளிப்பக்கமாகக் கீழே. அப்படித்தான் எறிந்தான், அப்படித்தான் எறிந்ததாக நினைத்தான், மரத்த விரல்களில் பந்து எப்போது கையை விட்டது என்றே தெரியவில்லை, அது தாடிக்காரனின் முகத்துக்கு நேராகப் போயிற்று. அவன் பின்னால் விழுந்தான், ஹெல்மெட் தனியாக உருண்டது. பிறகு எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இவனைப் பார்த்துச் சிரித்து, பரவால்லண்ணே என்றான். அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை, அவன் இவனை நம்புகிறான், பத்தொன்பது வருஷம் எறிந்த கை தெரியாமல் தவறிவிட்டது, இனித் தவறாது என்று நம்புகிறான். கார்ல் மேஸ் என்று ஒருவன் இருந்தான், நூறு வருஷத்துக்கு முன்னால், இருநூறுக்கு மேல் ஆட்டம் ஜெயித்தவன், அதை யாரும் சொல்வதில்லை. அவன் எறிந்த ஒரு பந்து மட்டை பிடித்திருந்த ரே சாப்மனின் தலையில் பட்டு மறுநாள் விடிவதற்குள் சாப்மன் செத்துப்போனான், அதைத்தான் சொல்வார்கள். பட்ட சத்தம் மட்டையில் பட்ட மாதிரி இருந்ததாம். மேஸ் ஓடிப் பந்தைப் பொறுக்கி முதல் தளத்துக்கு எறிந்தானாம், ஆள் விழுந்தது தெரியாமல். இந்தக் கதையை ஜலந்தர் ரயிலில் இவன் சொல்லவில்லை, யாரிடமும் சொன்னதில்லை. வால்டர் ஜான்சன் தன் வேகத்துக்குத் தானே பயந்தவன், யார் மேலாவது பட்டுவிடுமோ என்று வெளிப்பக்கமாகவே எறிவானாம். இவனும் அப்படித்தான் அதற்கப்புறம் வெளியே வெளியே எறிந்து, ஏழிலும் எட்டிலும் மூன்று பேரை இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிவைத்தான், நாலு பந்து எல்லைக்கு வெளியே போனால் அடிக்காமலே நடந்து போகலாம், அது ஹிட் கணக்கில் வராது. அதில் ஒன்பது பேர் வரிசை ஒரு சுற்று சுற்றிவிட்டது. ஒன்பதாவதில் முதலில் மட்டை பிடிக்க வரப்போகிறவன் மறுபடியும் அந்தத் தாடிக்காரன். சிரித்துக்கொண்டே வருவான். அம்பயரின் குரல் கேட்டது. இரண்டு.

எழுந்தான். சொல்லிவிடலாம், ஒரே மூச்சில், கால் தரையில் இருக்கும்போதே. பெஞ்சின் மறுகோடியை நோக்கி நடந்தான். "சார், ஒரு நிமிசமுங்க," என்றான். தங்கமுத்து சார் சரேலென்று எழுந்து, பந்துப் பையின் முன்னால் உட்கார்ந்து, இருந்த பத்துப் பந்தையும் எண்ண ஆரம்பித்தார். இந்த மனுஷன் காது கேட்காதவர் இல்லை, எதிரணி டீ குடிக்கிற சத்தம்கூட அவருக்குக் கேட்கும். நசீரிடம் போனான். நசீர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த கால் கவசத்தை அவிழ்த்து மறுபடி கட்டினான். "நசீரு," என்றான். நசீரின் கை ஒரு கணம் நின்றது, கழுத்து நிமிரவில்லை. சதாசிவம் ஷூ நுனியால் மண்ணில் கோடு போட்டுக்கொண்டிருந்தான், பூபதி கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் முணுமுணுத்தான். சரி, அவ்வளவு ஆகாதவனாகிவிட்டேனா, இவர்கள் முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம் வந்தது. ஆள் மாற்றுவதை ஸ்கோர் எழுதுகிறவரிடமும் சொல்ல வேண்டும், அங்கேயே நேராகப் போய்ச் சொல்லிவிட்டால் என்ன. குடைக்குக் கீழே மேசை போட்டு ரெஜினா மேடம் உட்கார்ந்திருந்தார், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், எழுதுவதற்குக் கறுப்பு மை, பிழைகளுக்குச் சிவப்பு மை, அவர் சிவப்பில் எழுதினால் அப்பீல் கிடையாது. இந்த மைதானத்துக் கரும்பலகையில் எத்தனை ரன் என்பது மட்டும்தான் இருக்கும், மற்றதெல்லாம் அவர் தாளில்தான். "மேடம், பிட்சர மாத்தோணும்னா," என்று ஆரம்பித்தவன் தாளைப் பார்த்தான். முதல் இன்னிங்ஸ், கடலூரின் முதல் ஆள், அந்தக் கட்டத்தில் சிவப்பு. சிவப்பில் பூபதி நிற்கிற இடத்தின் எண். அது ஹிட் இல்லை. பூபதி பிடித்திருக்க வேண்டிய பந்து, பூபதியின் பிழை என்று அப்போதே எழுதிவிட்டார். ஹிட்டுக்கான வரிசையில் எட்டு சைபர்கள், ஒரே அளவில், டீச்சர் கையெழுத்து. ரெஜினா மேடம் உள்ளங்கையால் தாளை மூடினார். "எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க தம்பி. போய் உக்காருங்க," என்றார், அவரும் முகத்தைப் பார்க்காமல்.

பெஞ்சுக்குத் திரும்பி வந்த தூரம் முப்பது அடி இருக்கும். அதை நடக்கிற நேரத்தில் நாலு இன்னிங்ஸும் தலைகீழாகப் புரண்டு போயின. கோச் எண்ணிய பத்துப் பந்து, நசீரின் கால் கவசம், பூபதியின் முணுமுணுப்பு. அது சாபமில்லை, வேண்டுதல். முதல் பந்தை விட்டவன் அவன்தானே, அது ஹிட்டாகாமல் போனதற்கு மாரியம்மனுக்கு எதையாவது நேர்ந்திருப்பான் பாவி. நடுவில் விட்டிருந்த வெற்றிடம் அவர்கள் இவனுக்குச் செய்த மரியாதை. கோச் எப்போதோ அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வந்து எல்லாரிடமும் சொல்லியிருப்பார். இவன் ரயிலில் சொன்னதை, பாதி தூக்கத்தில் கேட்டவர்கள் என்று நினைத்ததை, எழுத்து பிசகாமல் செய்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது, கூடவே அந்தப் பாழாய்ப்போன ஆசையும் வந்தது. மூன்று பேர். இன்னும் மூன்றே பேரை அவுட்டாக்கினால் போதும், பத்தொன்பது வருஷத்தில் வராதது. டாமி ஜான் போகட்டும், கோஃபாக்ஸ் போகட்டும், ஈரோட்டுக் குழந்தைவேலு என்று ஒரு வரி ரெஜினா மேடத்தின் தாளில் கறுப்பு மையில் இருக்கும். கை அறுந்தால் அறுந்துவிட்டுப் போகிறது, அதற்கப்புறம் எதற்கு அந்தக் கை. வெளிப்பக்கமாகவே எறியலாம், ஜான்சன் மாதிரி. வெளிப்பக்கமாகத்தானே போன தடவையும் எறிந்தான். கட்டைவிரலால் சுண்டுவிரலை அழுத்திப் பார்த்தான், யாரோ ஒருவருடைய விரல். இன்னும் அழுத்தினான். மஞ்சள் கயிறு, உருண்ட ஹெல்மெட், பரவால்லண்ணே. மைதானத்தில் மூன்றாவது ஆளும் அவுட்டாகியிருந்தான். எல்லோரும் எழுந்து கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இவனுடைய கையுறையையும் தொப்பியையும், உள்ளே ஒரு பந்தையும் வைத்து, இவன் இடத்தில் யாரோ ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றான். யாரும் நிற்கவில்லை. கேட்கக்கூடாது என்று வைத்துக்கொண்டவர்களிடம் எப்படிச் சொல்வது. ஒரு வழிதான் இருந்தது, ஆட்டம் முடியும்வரை யாரும் சொல்லக்கூடாததைச் சொல்வது. "நான் இன்னிக்கு ஒரு ஹிட்டும் குடுக்கலைங்க."

நின்றார்கள். பூபதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "குழந்தவேலு, வாய மூடு," என்றார் தங்கமுத்து சார், தாழ்ந்த குரலில்.

"மூடிட்டுத்தானுங்க சார் இருந்தேன். முழங்கை நாரு கிழிஞ்சிருக்குது. ரெண்டு விரல்ல உணர்ச்சியே இல்லீங்க. பந்து எங்க போவுதுன்னு எனக்கே தெரியல. மொதல்ல வர்றது அந்தத் தாடிக்காரப் பையன். என்னால ஆவாதுங்க."

கோச் இவன் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். நாலு இன்னிங்ஸுக்குப் பிறகு ஒரு முகம் திரும்பியது, அவருக்கு இவ்வளவு வயதாகியிருந்ததை இவன் கவனித்ததில்லை. சதாசிவம் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணா, இன்னும் மூணே பேருங்ண்ணா. இது உங்களுதுங்ண்ணா."

"என்னுதுன்னு இங்க ஒண்ணுமில்ல. கையுறைக்குள்ள பந்து இருக்குது, எடுத்துட்டுப் போ. எட்டுப் பந்து போட்டுப் பாக்க விடுவாங்க. தாடிக்காரனுக்கு வெளிய போடாத, உள்ள வந்து அடிக்கறான், கீழ போடு." பேசப் பேச மார்பு லேசாகிக்கொண்டே வந்தது, உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது, உட்கார்ந்தான். சதாசிவம் பந்தை எடுத்துக்கொண்டான், இந்தத் தடவை கையைப் பிடிக்கவில்லை, தோளில் ஒரு கணம் கை வைத்துவிட்டு ஓடினான். பின்னாலேயே எல்லோரும் போனார்கள், போகிறபோது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஏண்ணா சொன்னீங்க, ஏன் முன்னாலயே சொல்லல, உக்காருங்க, எந்திரிக்காதீங்க.

நசீர் மட்டும் கடைசியாக, முகக் கவசத்தைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு, நடுவில் இருந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தான். "வலது கைய ஒரு இஞ்சு குறைச்சுத்தான் வெட்டியிருக்கறேன்," என்றான், இவன் சட்டையைப் பார்த்து. "இன்னும் நீங்க பாக்கலையா."

குழந்தைவேலு இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தான். இரண்டு மணிக்கட்டிலும் சட்டை சரியாக நின்றது. "கேட்டிருக்கலாமில்ல நசீரு."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தனுங்ண்ணா."

அம்பயர் கூப்பிட்டார். குழந்தைவேலு பாட்டிலை நீட்டினான். "இதத் திறந்து குடுத்துட்டுப் போ. ஆறாவது இன்னிங்ஸ்ல இருந்து தண்ணி குடிக்கல." நசீர் வாங்கி ஒரு திருகு திருகிக் கையில் கொடுத்துவிட்டு, கவசத்தை முகத்துக்கு இழுத்துக்கொண்டு வெயிலுக்குள் ஓடினான். தண்ணீர் வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. பாதியைக் குடித்து முடித்து மூடியைத் தேடினபோதுதான், நசீர் அதைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டது தெரிந்தது.